சகடையின் வயிறு

போர்விமானங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவற்றின் வயிறுதான். இதை அடக்கத்தினால் சொல்லவில்லை. என் வயதுக்காரர்கள் வன்னியில் நூற்றுக்கணக்கான தடவை விமானம் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு தடவையாவது அதன் முகத்தைப் பார்த்தோம் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய எங்களில் ஒருவராலும் முடியாது. பார்த்த கோணம் அப்படி. கீழே கிடந்து, அதுவும் பெரும்பாலும் குப்புறக் கிடந்து, ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

அதனால்தான் புளியங்குளத்தில் ஞாயிறு காலைகளில் கூடுகிற எங்கள் மூவர் சபை ஏழு வருசமாக ஒரே கேள்வியில் இறுகி நின்றது: சகடைக்குச் செட்டை, அதுதான் இறக்கை, உடம்புக்கு மேலேயா, கீழேயா?

சகடை என்பது சனம் வைத்த பெயர். இரண்டு எஞ்சின் பூட்டிய, கொழுத்த, பழைய விமானம். கிறீஸ் காணாத வண்டிச் சில்லு மாதிரி இழுபட்டு இழுபட்டு வரும். அதற்கு ஆங்கிலத்தில் மரியாதையான பெயர் ஒன்றும் இலக்கமும் இருந்தன. அதை முழுதாகச் சொல்லி முடிக்கிற நேரத்தில் பங்கர்க் குழிக்குள் மூன்று பேர் இறங்கிவிடலாம் என்பதால் சனம் சுருக்கிவிட்டது.

சபையில் முதலாவது ஆள் நான். காணிக் கந்தோரில் எழுதுவினைஞன். மேசை லாச்சியைப் பாதி இழுத்து, அதற்குள் புத்தகத்தை வைத்து வாசித்தே கண்ணாடி போட்டவன். செட்டை மேலேதான் என்பது என் கட்சி. இரண்டாவது ஆள் படக்காரர். கலியாணவீடு, சாமத்தியவீடுகளுக்குப் படம் பிடிக்கிறவர். அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டத்தை விட்டு ஓமந்தைப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். செட்டை கீழே என்பது அவர் கட்சி. மூன்றாவது ஆள் மெக்கானிக். சபை கூடுவது அவனுடைய திருத்தகத்தில்தான். தண்ணிப் பம்ப், உழவு மெசின், மோட்டார் சைக்கிள் எது வந்தாலும் அவன் முதலில் திருகாணி கழற்றமாட்டான். ஸ்ரார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேட்பான். "வால்வு" என்பான். கழற்றிப் பார்த்தால் வால்வாகத்தான் இருக்கும். செட்டை விவாதத்தில் அவன் எந்தக் கட்சியும் இல்லை. "செட்டையே சத்தம் போடுறது?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பான்.

அவனுடைய காதுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. யுத்த காலத்தில் நாங்கள் இருவரும் முள்ளியவளையில், இரு வேலிக்கு நடுவில் ஓடுகிற ஒரே ஒழுங்கையில் இருந்தோம். அவனுக்குப் பத்தொன்பது வயது. வானத்தில் சத்தம் கேட்டால் ஒழுங்கை வானத்தைப் பார்க்காது, அவனைப் பார்க்கும். அவன் தலையைச் சரித்து இரண்டு நிமிசம் நிற்பான். "ஹெலி. தூரத்தில போகுது. சமையுங்கோ" என்பான். அல்லது, "இறங்குங்கோ" என்பான். இந்த இரண்டாவது சொல்லுக்கு மட்டும் நான் அவனை எதிர்பார்த்ததில்லை. யாராவது பக்கத்து வீட்டில் மோட்டார் சைக்கிளை உதைத்தாலே நான் பங்கருக்குள் இறங்கி நல்ல மூலையைப் பிடித்துவிடுவேன். எங்கள் ஒழுங்கையில் நான் ஏறி வரும்போதுதான் மற்றவர்கள் இறங்குவார்கள் என்று ஒரு கதை இருந்தது. அது மிகைப்படுத்தல். இரண்டு தடவைதான் அப்படி நடந்தது.

சகடையில் ஒரு சிக்கல் இருந்தது. அது சில நாள் ஆமி முகாமுக்குச் சாமான் கொண்டு எங்கள் தலைக்கு மேலால் போகும். சில நாள் குண்டு கொண்டுவரும். ஒவ்வொரு தடவையும் உலையை இறக்கிவிட்டு ஓடினால் அந்த வீட்டில் ஒருநாளும் சோறு வேகாது. மெக்கானிக் மட்டும் சொல்வான், சாமான் சகடைக்கும் குண்டுச் சகடைக்கும் சத்தம் வேறு என்று. அவன் "சாமான்" என்றால் சனம் அரிசி களையும். "குண்டு" என்றால் இறங்கும். நாற்பது தடவையாவது சரியாகச் சொல்லியிருப்பான்.

ஒரு காலை அவன் "சாமான். பயமில்லை" என்றான். அது சாமான் இல்லை. ஒழுங்கையில் நின்றவர்கள் எப்படியோ தப்பினார்கள். கிணற்றடியில் நின்ற அவனுடைய அக்காவின் இடது பாதம் போய்விட்டது.

இந்த இடத்தில் நான் பகிடி விடுவதில்லை. அந்த உரிமை அக்காவிடம் இருக்கிறது. அவா அதைத் தாராளமாகப் பாவிப்பா. "எனக்கு நுளம்பு கடிக்கிறதிலயும் அரைவாசி லாபம்" என்பா. செயற்கைப் பாதம் போட்டு, அலுமினியத் தடி பிடித்து, தனியாக மூன்று பரப்புக் காணியில் கச்சான் கடலை போட்டு எடுக்கிற பெண். முன்கோபம் இல்லை, பின்கோபமும் இல்லை, நடுவில் எந்நேரமும் கொஞ்சம் இருக்கும்.

தம்பிக்காரன் அதன்பிறகு வாழ்நாளில் வானத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால்கூட வானொலியைக் கேட்கச் சொல்வான். ஆனால் அவன் மனதுக்குள் ஒரு விளக்கு அணையாமல் எரிந்தது. சத்தம் வேறாகத்தான் இருந்தது, அன்றைக்குத் தன் காதுதான் பிடிக்கத் தவறிவிட்டது என்று. இதை அவன் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். "ஒருக்கா திரும்பக் கேட்டனெண்டால் எனக்கு விளங்கும், எங்க விட்டனான் எண்டு." ஆனால் சகடை பறப்பதை நிறுத்திப் பல வருசம். தொலைபேசியில் தேடிப் பார்த்தோம். எந்தெந்த நாட்டிலோ எழும்புகிற விமானங்களின் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். ஸ்பீக்கரில் வருவதெல்லாம் மா அரைக்கிற சத்தம் என்று சொல்லிவிட்டான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிறு படக்காரர் தொலைபேசியை நீட்டிக்கொண்டு வந்தார். வவுனியாவில் கண்காட்சியாம். பழைய யுத்த விமானங்களைத் திருத்தி, பெயின்ற் அடித்து, பொதுமக்கள் படம் எடுக்கலாம் என்று நிறுத்தி வைக்கப் போகிறார்களாம். பின்னேரம் ஒரு விமானத்தின் எஞ்சினை ஓடவிட்டுக் காட்டுவார்களாம்.

"எந்த விமானம்?" என்று மெக்கானிக் கேட்டான்.

"நம்ம ஆளுதாண்ணே" என்றார் படக்காரர்.

மெக்கானிக் கையைத் துடைத்தான். பிறகு ஏற்கெனவே துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தான். அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டுப் பாத்திரத்துடன் அக்கா உள்ளே வந்தா.

"நானும் வாறன்" என்றா.

"உங்களுக்கு என்னத்துக்கு அக்கா? வெயில். நிறைய நடக்கவும் வேணும்."

"கால் போனது எனக்கு. பாக்கப் போறது நீயோ?"

சபை நாலு பேருக்குப் பஸ் காசு கணக்குப் பார்த்தது.

கண்காட்சிக்குப் போகும் வழியில், பஸ்ஸில், நாங்கள் விமானத்தின் முன்னால் எப்படி நிற்பது என்று யோசித்துக்கொண்டு போனோம். சிரிக்கக்கூடாது என்பதில் ஒற்றுமை இருந்தது. நான் மனதில் ஒரு வசனம் தயாரித்து வைத்திருந்தேன். நீளமான, வினையெச்சங்கள் நிறைந்த வசனம். உரத்துச் சொல்லும் உத்தேசம் இல்லை. ஓர் எழுதுவினைஞனின் கோபம் எப்போதும் கோப்புக்குள்தான் இருக்கும்.

உள்ளே போனால் திருவிழா. வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஐஸ்கிறீம் வண்டி, பலூன், புல் வெட்டிய மைதானம். கயிறு கட்டிய வட்டங்களுக்குள் விமானங்கள் பளபளவென்று நின்றன. முதல் வட்டத்தில் இரண்டு எஞ்சின் பூட்டிய, பெரிய மூக்குள்ள ஒன்று. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இதுதான்.

மெக்கானிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நான் என் வசனத்தை ஆரம்பத்தில் இருந்து, ஒரு சொல்லும் விடாமல், மனதுக்குள் சொன்னேன். நடுவில் ஒரு பிள்ளை பலூனை வெடிக்க வைத்ததால் மறுபடி ஆரம்பித்துச் சொன்னேன். படக்காரர் தொழிலை மறக்காமல், விமானத்தைச் சுற்றி வந்து முழங்காலில் இருந்து எடுத்தார், ஏணியில் ஏறி எடுத்தார். அவர் வாய் தன்னையறியாமல், "தாடையைக் கொஞ்சம் எறக்கும்மா" என்று முணுமுணுத்தது. செட்டை மேலே இருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. துக்கத்திலும் பெருந்தன்மை வேண்டும். ஆனால் அந்தப் பக்கமாக இரண்டு தடவை கையை நீட்டிச் சோம்பல் முறித்தேன்.

அக்கா தடியை ஊன்றி நின்று மேலும் கீழும் பார்த்தா. "இதுவே?" என்றா. "என்ன, இவ்வளவு சின்னன்."

அரை மணித்தியாலம் போயிருக்கும். வாசிக்கிற வியாதி உள்ளவன் என்பதால் நான்தான் கடைசியில் பலகையைப் போய் வாசித்தேன். அந்த விமானம் ஒருநாளும் குண்டு போட்டதில்லை. ஆகாயத்தில் இருந்து நிலத்தைப் படம் பிடிப்பதற்காக வாங்கியது. வயல், குளம், காணி எல்லை. எங்கள் கந்தோர் சுவரில் தொங்குகிற பழைய வான்படங்கள், எல்லைத் தகராறு வரும்போதெல்லாம் நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற படங்கள், இந்த மாதிரி விமானம் எடுத்தவைதான். அரை மணித்தியாலமாக நான் முறைத்துக்கொண்டு நின்றது என் சக ஊழியரை.

"ஆள் மாறிப்போச்சு" என்று மற்றவர்களுக்குச் சொன்னேன்.

"அப்ப நம்ம ஆளு எங்க?" என்றார் படக்காரர்.

நாங்கள் திரும்பினோம். எங்களுக்குப் பின்னால், இவ்வளவு நேரமும் எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு, சாதுவான நீண்ட வெள்ளை விமானம் ஒன்று நின்றது. வட்ட யன்னல்களுக்குத் திரைச்சீலை போட்டிருந்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் நெடுந்தூரப் பஸ். படிக்கட்டில் ஒரு குடும்பம் ஏறி நின்று ஐஸ்கிறீம் சாப்பிட்டது. எங்களில் ஒருவருக்கும் அதை அடையாளம் தெரியவில்லை. முப்பது வருசத்துக்கு மேலாகத் தூக்கத்தில் வந்த ஆள், தெருவில் எதிரே வந்தால் வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருப்போம்.

படக்காரர்தான் சந்தேகப்பட்டார். கயிற்றைத் தூக்கி உள்ளே போய், விமானத்துக்குக் கீழே புல்லில் மல்லாந்து படுத்தார்.

"அண்ணே" என்று கூப்பிட்டார். "ரெண்டு பேரும் இங்க வந்து படுங்க."

படுத்தோம். ஐம்பது வயது தாண்டிய மூன்று ஆண்பிள்ளைகள், இஸ்திரி போட்ட சேட்டுடன், வரிசையாக.

அதேதான். எண்ணெய் வழிந்த கோடு மாதிரி நடுவில் ஓடுகிற பொருத்து, இரண்டு பக்கமும் எஞ்சின் தொங்குகிற வீக்கம், வால்ப்பக்கம் ஒடுங்குகிற விதம். பழைய சிநேகிதனைப் பல்லை வைத்து அடையாளம் கண்டதுபோல இருந்தது. செட்டை கீழே இருந்தது. ஏழு வருசத்து வழக்கில் நான் தோற்றேன். ஆனால் படக்காரர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. வயிற்றைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார், ஒரு படம், இரண்டு படம், முப்பது படம்.

சீருடை போட்ட ஓர் இளைஞர் ஓடிவந்தார். கயிற்றைத் தாண்டி வந்ததற்குக் கோபிப்பதா, மூன்று பேர் ஒரே நேரத்தில் மயங்கி விழுந்ததற்குப் பதறுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "படம், படம்" என்று விளக்கினேன். அதற்குள் இன்னொருவர், கழுத்தில் முழங்கை நீளக் கமரா தொங்க, தொப்பியைக் கழற்றிவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து படுத்துவிட்டார். சீருடை இளைஞர் நம்பிக்கை இழந்து போய், அக்காவுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து செட்டை நிழலில் போட்டார்.

"மிக நல்ல கோணம்" என்றார் புதிதாகப் படுத்தவர், சுத்தமான தமிழில். "ஒருவரும் இப்படி எடுப்பதில்லை."

அவர் தென்பகுதிப் பல் வைத்தியர். மட்டக்களப்பில் எட்டு வருசம் வேலை செய்து தமிழ் படித்தவராம். பழைய விமானங்களைப் படம் பிடிக்கிற குழுவொன்றில் இருக்கிறார். நாடு முழுக்க எங்கே ஒரு பழைய விமானம் பெயின்ற் அடித்தாலும் அங்கே போய்விடுவார். எந்த வருசம் செய்தது, விசிறிக்கு எத்தனை இலை, எல்லாம் விரல் நுனியில். நாங்கள் எழுந்து புல்லைத் தட்டும்போது அவர் என்னிடம் ஆசையோடு கேட்டார்.

"நீங்கள் இந்தப் பக்கத்து ஆட்கள்தானே. இது பறப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?"

"ஓம். கன தரம், எண்ணேலாது" என்றேன்.

அவர் முகத்தில் வந்த பொறாமையை நான் என் வாழ்நாளில் எந்தப் பட்டத்துக்கும் மாற்றமாட்டேன். "எவ்வளவு பாக்கியம். நான் நிற்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு உயரத்தில் வரும்?"

"தென்னை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே" என்றா கதிரையில் இருந்த அக்கா.

அவர் சிறிய கொப்பி ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டார். "அந்த நேரம் படம் ஏதும் எடுத்தீர்களா?"

"இல்லைங்க" என்றார் படக்காரர். "கை கொஞ்சம் வேலையா இருந்திச்சு."

அதுவரை எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்ற மெக்கானிக் இப்போது கிட்ட வந்தான். "ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சாமான் ஏத்திற பிளேனுக்கும் குண்டு ஏத்திற பிளேனுக்கும் எஞ்சின் என்ன வித்தியாசம்?"

"வித்தியாசம் ஒன்றும் இல்லை" என்றார் வைத்தியர். தெரிந்த கேள்வி வந்த மாணவனின் உற்சாகம் அவருக்கு. "இரண்டும் ஒரே விமானம்தான். இது பயணிகளுக்காகச் செய்தது. காலையில் சாமான் கொண்டு போகும். தேவைப்பட்டால் பின்கதவைக் கழற்றிவிட்டு, குண்டை உள்ளே வைத்துக் கையால் உருட்டித் தள்ளுவார்கள். எஞ்சின் அதே, விசிறி அதே. வெளியில் இருந்து எந்த மனிதனாலும் பிரித்து..."

அவர் கண் அப்போதுதான் கதிரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த தடிக்குப் போனது. அங்கிருந்து அக்காவின் காலுக்கு. வசனத்தை முடிக்கவில்லை. கொப்பியை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். வைத்தியர் அல்லவா, மீதியை அவருக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படக்காரர் மெக்கானிக்கின் தோளைப் பிடித்தார். "கேட்டீங்களாண்ணே? எந்த மனுசனாலயும் முடியாதாம். உங்க பேர்ல தப்பே இல்ல. இத்தன வருசமா சும்மா போட்டு மனச வருத்திக்கிட்டு இருந்திருக்கீங்க."

மெக்கானிக் தோளை விடுவித்துக்கொண்டான். "அப்ப மற்ற நாள் முழுக்க நான் சொன்னது?"

"எந்த மத்த நாளு?"

"நாப்பது தரம் சரியாச் சொன்னனான். ஒண்டு ரெண்டு இல்லை. நாப்பது. அது என்ன, காசு சுண்டிப் பாத்துச் சொன்னனானோ?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவனுக்குத்தான் படிப்பு பயன்பட்டது என்று அர்த்தம். நான் வாயைத் திறந்தேன். "அதிகமா சாமான்தானே கொண்டு வந்தது. சாமான் எண்டு சொன்னா சரி வரத்தானே வாய்ப்புக் கூட..."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் மிச்சத்தை விழுங்கினேன். ஒரு மனிதன் விடுதலையை இவ்வளவு வெறுப்போடு வாங்கி நான் பார்த்ததில்லை. குற்றம் போகட்டும் என்று அவன் வந்திருந்தான். அது போகும்போது காதையும் சேர்த்துக்கொண்டு போகும் என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும் அவன் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். ஒன்றும் தெரியாத நிரபராதியாக இருப்பதைவிட, எல்லாம் தெரிந்த குற்றவாளியாக இருப்பதில் ஓர் அந்தஸ்து இருக்கிறது.

"பாரம் ஏத்தினா இழுவை மாறும்" என்றான் அவன், எங்கள் எல்லோருக்கும் பொதுவாக. "உழவு மெசினிலயே மாறுது. பிளேனில மாறாதோ?"

"சாமானும் பாரம்தானே" என்றார் வைத்தியர், மிக மெதுவாக.

"கேட்டுப் பாப்பம்" என்றான் மெக்கானிக்.

பின்னேரம் மூன்று மணிக்கு எல்லோரையும் கயிற்றுக்கு வெளியே நிறுத்தினார்கள். அக்காவின் கதிரையை நானும் படக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டத்தின் முன்னால் வைத்தோம். ஒருவர் கொடியை அசைத்தார். வலதுபக்க விசிறி சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றியது. பின்னால் கறுப்பாகக் கொஞ்சம் புகை. ஒரு கீச்சு எழும்பியது, மெல்லிய ஊசி மாதிரி. அதற்குக் கீழே அந்த இழுவை. இழுபட்டு, இழுபட்டு.

என் புத்தி கண்காட்சியில் நின்றது. என் முழங்கால்கள் வேறு ஊரில் நின்றன. நான் பாதி குந்தியிருப்பதையும், ஐஸ்கிறீம் வண்டியின் கைபிடியைப் பிடித்திருப்பதையும் கொஞ்சம் தாமதமாகவே கவனித்தேன். ஐஸ்கிறீம்காரர் எனக்கு எதுவும் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். படக்காரர் கமராவை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார், ஒரு படமும் எடுக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தேன். பிள்ளைகளும் தெற்கில் இருந்து வந்தவர்களும் தொலைபேசிகளை விமானத்துக்கு நேரே பிடித்திருந்தார்கள். ஆனால் இங்கொருவரும் அங்கொருவருமாக, நாற்பத்தைந்து வயது தாண்டியவர்கள், சேலை கட்டிய ரீச்சர், பென்சன்காரர் ஒருவர், அப்பம் விற்கிற மனிசி, எல்லோரும் அண்ணாந்து வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் போடுகிற சாமான் கண்ணுக்கு முன்னால் இருபது யார் தூரத்தில் நின்றது.

மெக்கானிக் விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தலையைச் சரித்து நின்றான். அக்கா விமானத்தைப் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

பத்து நிமிசத்தில் நிறுத்தினார்கள். சனம் கைதட்டியது. நான் நிமிர்ந்து, எதையோ தவறவிட்டுத் தேடியவன்போல நிலத்தைப் பார்த்துச் சமாளித்தேன். அவன் கண்ணைத் திறக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

"வலது எஞ்சினில பெயாரிங் போகுது" என்றான்.

"அதைச் சொல்லவோ வந்தனி?" என்றா அக்கா. "என்ன முடிவு?"

"வித்தியாசம் இருந்தது அக்கா. இருந்திருக்க வேணும். மற்ற நாள் எல்லாம் எனக்குப் பிடிபட்டது. அண்டைக்குத்தான் விட்டிட்டன். பிழை என்ரதான். நீங்கள் ஒண்டும்..."

"விசர்க்கதை கதையாதே."

"இல்லை அக்கா, நான் சொல்லாட்டி நீங்கள் கிணத்தடியில நிண்டிருக்க மாட்டீங்கள்."

அக்கா தடியை எடுத்து மடியில் குறுக்கே வைத்தா. "அண்டைக்கு நீ சொன்னதே எனக்குக் கேக்கேல்லை."

"என்ன?"

"தலை முழுக்கச் சவர்க்கார நுரை. குறுக்குக்கட்டோட நிண்டனான். நீ சாமான் எண்டா என்ன, குண்டு எண்டா என்ன, குறுக்குக்கட்டோட பங்கருக்கு ஓடி வருவனோ? ஒழுங்கை முழுக்க ஆம்பிளையள் நிண்டீங்கள். இவர்" என்று என்னைச் சுட்டினா, "எப்பவோ போய் மூலையில இருந்திருப்பார். இவருக்குப் பக்கத்தில ஈரச்சீலையோட போய் இருக்கச் சொல்லுறியோ?"

என் மூலையைப் பற்றி ஒரு பெண்ணுக்குக் கருத்து இருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"அதுசரி" என்றா அக்கா, "நீ சொன்னதை நான் எண்டைக்கடா கேட்டனான்? நீ என்ர தம்பி."

நான் அவசரமாக மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். காணிக் கந்தோர்ப் பழக்கம். அந்தக் கிணற்றுக்கும் அவன் நின்ற வேலிப் படலைக்கும் இடையில் அதிகம் போனால் பதினைந்து யார் தூரம். அவன் குரல் ஒழுங்கையின் மறுமுனைக்குக் கேட்கும். நுரை எவ்வளவு சத்தத்தை மறிக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த அளவுகளை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அக்கா என்னை ஒருதரம் பார்த்தா, பிறகு பார்க்கவில்லை.

"அப்ப இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?" அவன் குரல் மாறியிருந்தது.

"நீ கேட்டனியே? நீயே தீர்ப்பும் எழுதி நீயே மறியல் வீட்டுக்கும் போய் இருந்தாய். நான் என்ன, கதவைத் தட்டிக்கொண்டு வாறதோ? பம்ப் பழுதானா அண்டைக்கே வந்து திருத்தினாய். மற்றச் சனத்துக்கு ரெண்டு கிழமை இழுக்கிறாய். நானும் பேசாமல் இருந்திட்டன்."

"முப்பது வருசம். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் கனடாவுக்குப் போயிருப்பன். மாமா கடிதம் மேல கடிதம் போட்டவர். உனக்காகத்தான் நிண்டனான்."

"எனக்காகவோ? குளிருக்குப் பயத்தில நிண்டுபோட்டு என்ர காலில போடுறாய். காலும் அரைவாசிதான் இருக்கு, அதுக்கு மேல இந்தப் பழியையும் தூக்கச் சொல்லுறாய்."

"உனக்கு எல்லாம் பகிடி."

"கத்தாதை. சனம் பாக்குது."

"பாக்கட்டும். முப்பது வருசமா நான் சத்தம் போடாமல் திரிஞ்சனான்."

உண்மைதான். அவன் அக்காவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. இப்போது விமானத்தைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சீருடை இளைஞர் தூரத்தில் நின்று கயிற்றைச் சரிசெய்வதுபோலப் பாவனை செய்தார். பல் வைத்தியர் வெளிறிய முகத்துடன் என் முழங்கையைத் தொட்டார்.

"என்னால்தானா இந்தச் சண்டை? விமானத்தைப் பற்றியா?"

"இல்லை" என்றேன். "இவா அக்கா. இவன் தம்பி."

அவருக்கும் அக்காமார் இருக்க வேண்டும். உடனே விளங்கிக்கொண்டு தலையை ஆட்டினார்.

படக்காரர் இருவருக்கும் நடுவில் போய்ச் சமாதானம் செய்யலாமா என்று கண்ணால் என்னைக் கேட்டார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அக்கா கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டா. முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டு, அவன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று, பசித்தவள் குசினியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தா.

"சரி" என்றான் அவன், மூச்சு வாங்கியபடி. "நாளைக்குப் பம்ப் பழுதானா இஞ்ச வவுனியாவில ஆரிட்டையும் கொண்டுவந்து குடு. என்னட்டை வராதை."

"குடுக்கிறன்" என்றா அக்கா. "நீ திருத்திறதுதானே அடிக்கடி பழுதாகிறது."